அண்ணன் கட்டிய ஈக்கள்

என் அண்ணனை அண்ணி சூனியம் வைத்துக் கொன்றுவிட்டார் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. காரியத்தன்று நம் சொந்தபந்தம் அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று அதைச் சொன்னேன். நான் ஆலங்காயத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுக்கிறவன். பேய், பிசாசு, பில்லி, சூனியம் எல்லாம் அறியாமை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை மூன்று முறை சத்தமாகப் படிக்க வைக்கிறவன். அதே வாயால்தான் இதையும் சொன்னேன்.

அன்று அதைக் கேட்டவர்கள்தான் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆகவே அண்ணன் புகழ் பாடி இதைத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் வாழ்ந்ததையும் எழுதுகிறேன், நான் ஆடிய ஆட்டத்தையும் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அண்ணன் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார்.

அண்ணன் பிறந்தது ஆலங்காயத்துக்குக் கிழக்கே, ஜவ்வாது மலை தரையிலிருந்து எழும்புகிற இடத்தில் இருக்கும் நம் கிராமத்தில். அப்பா மலையிலிருந்து இறங்கும் புளியை வாங்கி வாணியம்பாடிக்கு வண்டி கட்டுவார். அண்ணனுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது, அப்பா போய்விட்டார். மறுநாளே அண்ணன் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். அந்தப் பையை அவர் பிறகு எடுக்கவேயில்லை. அம்மா அதில் மிளகாய் வற்றல் போட்டு வைத்தாள். நான் பள்ளிக்கூடம் முடித்ததும், ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும், இன்று சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு திரிவதும் அண்ணன் ஓட்டிய அந்த வண்டியால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அண்ணன் தனக்கென்று ஒரு வேலை தேடிக்கொண்டார். வனத்துறையில் முதலில் வாட்சர், பிறகு கார்டு. மலைக்கு மேலே ஓடைக்கரையில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் குவார்ட்டர்ஸ். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் நடக்க வேண்டும். முதல் வருஷம் ஒரே ஒரு முறை நான் போயிருந்தேன்.

“மேல தனியா கீறியே, பயமா இல்லியாண்ணா?” என்று கேட்டேன்.

“பயம்லாம் கீழதான்டா. மேல வெறும் கரடிதான்” என்றார்.

அப்படிப்பட்டவருக்கு நான் தம்பி.

இனி எழுதப்போவது அண்ணன் உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால் விடாதவன் நான். என்னிடம் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் பின்னால் அண்ணி சொல்லிக் கேட்டதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய அதிகாரி மலைக்கு ஆய்வுக்கு வந்தாராம். சாயங்காலம் ஓடையில் இருக்கும் மடுவுக்குப் போய் நீளமான மெல்லிய தூண்டிலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் மண்புழு இல்லை, மாவு உருண்டையும் இல்லை. தூண்டில் நூலை முன்னும் பின்னும் காற்றில் வீசிக்கொண்டே இருந்தாராம். துரைக்குத் தேனீ மொய்க்கிறது போலிருக்கிறது என்று அண்ணன் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடியிருக்கிறார். தேனீ எதுவும் இல்லை. நூல் தண்ணீரில் விழுந்ததும் கெண்டை ஒன்று துள்ளிக் கவ்வியது. அடுத்த வீச்சில் நூல் மருத மரக் கிளையில் சிக்கி அறுந்தது. இருட்டப் போகிறது என்று அதிகாரி ஜீப் ஏறிவிட்டார்.

மறுநாள் அண்ணன் மரமேறி அதை எடுத்தார். ஈ மாதிரி இருந்தது. ஆனால் ஈ இல்லை. ஒரு சின்னத் தூண்டில் முள், அதன்மேல் நூலும் இறகும் முடியும் சுற்றிச் செய்த பொய் ஈ. வேறு யாராவது என்றால் அதை வைத்து மீன் பிடித்திருப்பார்கள். அண்ணன் அதைப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, பிரித்த வரிசையிலேயே வெள்ளைத் தாளில் அடுக்கிவைத்து, கடைசியில் வெறும் முள் மிஞ்சியதும், அதே வரிசையைத் திருப்பிப் போட்டுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். முதலில் வந்தது அடிபட்ட கரப்பான் மாதிரி இருந்ததாம். அதையும் பிரித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஒரே ஈயைப் பிரிப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாராம்.

பிறகு சொந்தமாகக் கட்டத் தொடங்கினார். முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு குறடு, அதன் கைப்பிடி விரியாமல் இருக்கச் சுற்றிய சைக்கிள் டியூப். நூல் ஆரணிப் பட்டு. நூல் வழுக்காமல் இருக்க மலைத்தேன் மெழுகு. காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மஞ்சள் மெழுகு சொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்த இறகென்றால் அவருக்கு உயிர். தரையில் உதிர்ந்து கிடந்தால் மட்டும் பொறுக்குவார். அவருடைய ஆசையைத் தெரிந்துகொண்ட ஒருவன் ஒரு முழுச் சேவலையே அடித்துக்கொண்டுவந்து காலடியில் வைத்தான். அண்ணன் அவன் மேல் கேஸ் எழுதினார். சேவல் இறகோடு சேர்ந்து கேஸ் கட்டோடு போய்விட்டது. அன்று இரண்டு வேளை அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது மடுவில் கெண்டைகள் கொதிக்கிற சோறு மாதிரி துள்ளும். அண்ணன் ஈசல் மாதிரியே கட்டி வீசுவார். பிடித்ததில் பாதியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அண்ணிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“திங்கறதுக்கு இல்லன்னா இன்னாத்துக்கு இவ்ளோ மெனக்கெட்றீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு நிமிசம் அது நெஜம்னு நம்பிக்கினு வருது பாரு. அதுக்குத்தான்” என்றாராம் அண்ணன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பத்துப் பெண். அண்ணன் அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நம் வீட்டில் முதலில் கிளம்பிய வார்த்தை உங்களுக்கு நினைவிருக்கும்: ‘வசிய மருந்து.’ மலையடிவாரத்துக்காரர்களாகிய நமக்கு இது ஒரு வழக்கம். நம் பையன் மலைக்கு மேலே பெண் எடுத்தால் அவன் விருப்பப்பட்டிருக்க முடியாது, அவனுக்கு எதையோ சோற்றில் கலந்திருக்கிறார்கள். மலைக்கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு நம் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. எனக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்தது என்று சொல்லி நானும் போகவில்லை. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மூட்டை புளியோடும் ஒரு பாட்டில் தேனோடும் இறங்கி வருவார். அந்தத் தேனை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. குழந்தை இல்லை என்பதுகூட அண்ணியின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

போன ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை, அண்ணனை உயிரில்லாமல் கீழே கொண்டுவந்தார்கள்.

பதினைந்தாம் நாள், புது கார்டு வரப்போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணி கீழே நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் மலையேறினேன். உச்சிவெயிலில் அந்த அறைக்குள் தனியாக நின்று அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். காக்கித் துணிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. நாலைந்து பிஸ்கட் மிச்சம் இருந்தால் நல்லது என்றுதான் திறந்தேன்.

உள்ளே ரப்பர் செருப்பின் அடி, டப்பா அளவுக்கு வெட்டியது. அதில் வரிசையாகக் குத்திய முட்கள். ஒவ்வொரு முள்ளிலும் முடி, இறகு, சிவப்பு நூல். ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுத் தாள். ‘அம்மா.’ ‘பெரிய மாமா.’ ‘தம்பி.’ ஓரத்தில் ஒரு பொட்டலம், அதற்குள் நீளமான பெண் தலைமுடி ஒரு சுருள்.

செருப்பு, முடி, முள், பெயர். நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன நினைப்பது? எழுத்து அண்ணனுடையதுதான் என்று கண்ணுக்குத் தெரிந்தது. என் மூளை அதற்கும் பதில் வைத்திருந்தது: வசியத்தில் இருப்பவன் எழுதச் சொன்னதை எழுதத்தானே செய்வான்? ‘தம்பி’ என்று எழுதியிருந்ததன் வயிற்றிலிருந்து முள் வளைந்து வெளியே வந்திருந்தது. எனக்கு அதே இடத்தில் சுருக்கென்று வலித்தது. காலையில் தின்ற ஆறு வடைக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அந்த அறிவியல் ஆசிரியருக்கு அப்போது தோன்றவில்லை. டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலு மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். டப்பா பையில் கடகடவென்று ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்கு ஒரு இடத்தில் குத்தியது.

மறுநாள் காரியம். சடங்கெல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய மாமா, அதாவது எங்கள் அம்மாவின் அண்ணன், அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டார். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

“ஏம்மா, எம் மருமவனுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பிச்சிருக்கலாம் இல்ல? நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?”

அண்ணி தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“கேக்கறேன் இல்ல? வாயில இன்னா வெச்சினு கீற?”

அண்ணி மறுபடி என்னைப் பார்ப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். “அவங்க இன்னா சொல்லுவாங்க மாமா? சூனியம் வெச்சி அண்ணனக் கொன்னுட்டாங்க. இத்தப் பாருங்க” என்று டப்பாவைப் பாயில் கவிழ்த்தேன்.

அம்மா அலறினாள். யாரோ விபூதி எடுக்க ஓடினார்கள். “செருப்புல குத்தி வெச்சிருக்காளே பாவி!” என்று அத்தை வயிற்றில் அடித்துக்கொண்டாள். பெரிய மாமா தன் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். “அதான்! அதான் ஆறு மாசமா முட்டி மடங்க மாட்டேங்குது!” என்றார்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அது ஈ, மாமா. பாத்து எடுங்க, முள்ளு கையில ஏறிடும்.”

அது யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களுக்கும் புரியவில்லை. “பொட்டிய அவ கையில குடு. பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார் மாமா. அண்ணி டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பசியோடு போனார். இலை போட்டோம். சாப்பிட்டோம். டப்பா சாட்சிப் பொருளாக என்னிடம் இருந்தது.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மாலை போட்ட அண்ணன் படத்தின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. நிஜ ஈ. விரட்டினேன். சுற்றிவிட்டு அதே மூக்கில் உட்கார்ந்தது. மறுநாளும் உட்கார்ந்தது. அதே ஈதானா என்று கேட்டால், ஈயின் முகத்தை யார் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் அது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வகுப்பில் பூச்சிகளுக்குக் கால் ஆறு என்று எழுதும்போது ஒரு ஈ சாக்பீஸில் வந்து உட்கார்ந்தது. நான் டஸ்டரால் அடித்த அடியில் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். சோற்றில் கையை வைத்தால் உள்ளே முள் இருக்கிறதா என்று விரல் தேடும். ஒருநாள் நான் ஈயின் மேல் விபூதி தூவிக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க, அதுக்கு நெத்தி எங்க இருக்குதுன்னு தேட்றீங்களா?” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கே அது பயமாக இருந்தது. சிரிப்பு வராத நிலைமை எனக்கு அதுவரை வந்ததில்லை.

வேலூரிலிருந்து பஸ் ஏறி, அமிர்தி பக்கம் ஒரு மந்திரவாதியிடம் போனேன். மாணவர்களின் பெற்றோர் யாரும் பார்க்காமல் இருக்கத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் டப்பாவைத் திறந்தார். இரண்டு அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “இது நம்ம பக்கத்து வேல இல்லீங்க வாத்தியாரே. இவ்ளோ நறுவிசா நான் பாத்ததே இல்ல” என்றார். அண்ணனுடைய கைவேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அவரே கொஞ்சம் யோசித்து வழி சொன்னார். “எங்கேர்ந்து வந்திச்சோ அங்கியே வுட்றணும். ஓட்ற தண்ணியில, உச்சி வேளையில. வுட்டுட்டு திரும்பிப் பாக்கக் கூடாது.” கூலியாக ஒரு கறுப்புக் கோழி கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோழியின் இறகைப் பார்த்தால் அண்ணன் விட்டிருக்க மாட்டார் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். மடுவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் நிழல் என் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. காற்று இல்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் நான் கரையில் கால் வைத்ததும் நிறுத்திக்கொண்டன. தண்ணீர் கரும்பச்சையாக, அசைவதே தெரியாமல் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் பத்து வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்த தண்ணீர். ஒவ்வொன்றாகச் செருப்பிலிருந்து பிடுங்கினேன். இரண்டு என் விரலில் குத்தின. ரத்தத்தைப் பார்த்ததும், சரி, காவு வாங்கிவிட்டது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் வீசினேன்.

இரும்பு முள், மூழ்கிவிடும் என்று நினைத்திருந்தேன். மூழ்கவில்லை. ஒவ்வொன்றும் இறகை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரின் மேல் எழுந்து நின்றது. பிறகு வரிசையாக நகரத் தொடங்கின. ‘அம்மா’ ஒரே இடத்தில் சுற்றியது. ‘பெரிய மாமா’ பெரிதாகச் சிவப்பாக நடுவில் போனது. ‘தம்பி’ ஏதோ உதைத்துக்கொள்வதுபோல் ஆடி ஆடிப் போனது. அதன் கீழே தண்ணீர் திறந்தது. ‘லபக்’ என்று ஒரு சத்தம். ‘தம்பி’ இல்லை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கரை முள்ளில் மாட்டிய வேட்டி அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு சொல்லியிருந்தும், பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தேன்.

எதிர்க்கரைப் பாறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அதே காக்கிச் சட்டை. தலையில் கட்டிய துண்டு. தலை குனிந்திருந்தது. இடது கை முழங்கால் மேல் எதையோ பிடித்திருந்தது, வலது கை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அலைந்ததால் முகம் தெரியவில்லை. பாறையில் விழுந்து கும்பிட்டேன். “அண்ணா! மன்னிச்சிடுண்ணா! நான் வேணும்னு செய்யலண்ணா! நான் வந்திருக்கணும்ணா!” என்று கதறினேன். எவ்வளவு நேரம் கதறினேன் என்று தெரியவில்லை. அவர் கை சுற்றுவதை நிறுத்தியது மட்டும் தெரிந்தது. தலை நிமிர்ந்தது.

“தம்பி! வேட்டி! வேட்டி தண்ணியோட போவுது பாருங்க!”

அண்ணியின் குரல்.

மலைப் பெண்கள் காட்டு வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். இதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆயிரத்து ஓராவது முறை எனக்கு உயிர் போகப் பார்த்தது.

அண்ணி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி முதலில் என் வேட்டியை எடுத்து என் பக்கம் வீசிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மிதந்துகொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

“இத்த ஏன் தண்ணியில கொட்னீங்க? ரொம்ப நேரம் ஊறுனா எறகு சுருண்டுக்கும்.”

“அண்ணி, இது சூனியம் இல்லியா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “முடி என்னுது. செருப்பு அவருது. பேர் வெச்சது அவரு. சூனியமாம்” என்றார். சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு தோளில் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். ஈயின் உடம்பில் வரி போட அவருடைய தலைமுடியைத்தான் அண்ணன் கேட்டு வாங்கிக்கொள்வாராம். கட்டிய ஒவ்வொரு ஈக்கும், அது தண்ணீரில் நடந்துகொள்வதைப் பார்த்து நம்மில் ஒருவர் பெயரை வைப்பாராம். ‘அம்மா’ எவ்வளவு தூரம் வீசினாலும் வீசியவர் காலடிக்கே திரும்பி வரும். ‘பெரிய மாமா’ பெரும் சத்தத்தோடு விழும், ஒரு மீன்கூடக் கிட்ட வராது. (மாமா, இதை எழுதியதற்கு என்னைத் திட்டுங்கள், பெயர் வைத்தவரைத் திட்டாதீர்கள்.) ‘தம்பி’ விழுந்த உடனே உயிர் போகிறாற்போல் துள்ளும், மீனுக்கு அதைத்தான் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எங்களில் யாரும் வந்து பார்க்காத வீட்டில், எங்கள் எல்லோரையும் செருப்பில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டு, சாயங்காலத்தில் ஒவ்வொருவராகத் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இப்ப இன்னா கட்டினு இருந்தீங்க?” என்று கேட்டேன்.

கையைத் திறந்து காட்டினார். குறட்டில் ஒரு ஈ. “அவரு பாதியில வுட்டது. கடைசி முடிச்சு போடாம வெச்சா எல்லாம் பிரிஞ்சிடும். நானும் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கினேன். சரியா வரல.”

பெயர் எழுதிய தாள் அதற்கு இல்லை. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இறங்கும் முன்னால் காலில் விழப் போனேன். அண்ணி நகர்ந்துகொண்டார். “இங்க ஆளில்லாத எடத்துல வுழுந்து இன்னா பண்றது? ஊரக் கூட்டிச் சொன்னீங்க. ஊரக் கூட்டி எடுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஓடையைத் தாண்டும்போது, இந்தக் கல்லில் கால் வையுங்கள், அது வழுக்கும் என்று சொல்வதுபோல் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: “அந்த விசயத்த நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லி இன்னா ஆவப்போவுது? அவரு எழுந்து வரப்போறாரா?”

அதனால்தான் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளை இங்கே, மலைக்கு மேலே, மடுவுக்குப் பக்கத்தில் அண்ணி பிறந்த வீட்டு வாசலில் நடத்துகிறோம். அதனால்தான் இந்த மலர்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணனோடு வேலை பார்த்த வாட்சர் தீர்த்தகிரிக்கும், டோலி கட்டித் தோள் கொடுத்த மூன்று மலைக்காரர்களுக்கும், புளி மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு அண்ணனின் உடலை ஏற்றிவந்த லாரி டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முட்டி வலியோடு இன்று நாலு மைல் நடந்து வந்திருக்கும் பெரிய மாமாவுக்கும், தள்ளாத வயதில் வந்திருக்கும் அம்மாவுக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காரியத்தன்று நான் அவரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பொய். அவற்றை உங்கள் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சூனியத்தை நான் நிஜமாகவே நம்பினேனா, அல்லது அந்த நேரத்தில் நம்புவதற்கு எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டதா என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். மாமா கேட்ட கேள்விக்கு அன்று அண்ணி பதில் சொல்லவில்லை. பதில் என்னிடம் இருந்தது.

அண்ணனுக்கு வந்தது நெஞ்சுவலி. மலையில் இருந்த கம்பவுண்டர் பார்த்துவிட்டு, உடனே வேலூருக்குக் கூட்டிப்போங்கள் என்றார். அண்ணி வேலூரைப் பார்த்ததில்லை. தம்பி வந்தால் போகலாம் என்று அண்ணன் சொன்னார். அண்ணி ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தீர்த்தகிரி என் பள்ளிக்கூடத்துக்கு வந்து, “அண்ணனுக்கு மாரு வலிங்க, ஒங்கள வரச் சொன்னாங்க” என்று என்னிடம் நேரில் சொன்னார். நான் முகத்தில் பாதி பவுடரோடு நின்றிருந்தேன். சனிக்கிழமை குழந்தைகள் தின விழா நாடகத்தில் எனக்குக் கோமாளி வேஷம், அதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை இரவு மழை பெய்து மலைரோட்டில் மண் சரிந்தது. வியாழக்கிழமை காலை அண்ணனுக்கு மறுபடி வலி வந்தது. பஸ் மேலே வரவில்லை. அண்ணியும் நான்கு பேரும் அவரை டோலியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ரோட்டை அடைவதற்கு ஒரு மைல் இருக்கும்போது அண்ணன் இறந்துவிட்டார்.